பொய் சொன்னா மூக்கு நீள்ற கதைல, அப்பா சொன்ன பொய்க்கு என்ன தண்டனை?

மரப்பாச்சி:

ராத்திரில பசங்களுக்கு பினோக்கியோ படிச்சுக் காட்டிட்டு இருக்கேன், சுருக்கின படக்கதை இல்ல, கொல்லோடி 1881லேர்ந்து 1883 வரைக்கும் பத்திரிகைல தொடரா எழுதினாரே, அந்த முழுக்கதை. பொய் சொன்னா மூக்கு நீளும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா மூக்கு நீள்ற கட்டத்துக்கு ரொம்ப முன்னாடியே அதுல ஒரு பொய் வருது, அத யாரும் பேசி நான் பாத்ததில்ல.

மரப்பொம்மைப் பையன் பினோக்கியோ ஸ்கூலுக்குப் போகணும், பாடப்புத்தகம் இல்ல, அவன செதுக்கின அப்பா கெப்பெட்டோ கைல சல்லிக்காசு இல்ல. சட்டுனு எந்திரிச்சு ஒட்டுப்போட்ட பழைய கோட்ட மாட்டிக்கிட்டு வெளிய ஓடறார். திரும்பி வரும்போது கைல புத்தகம் இருக்கு, கோட்டக் காணோம், வெறும் சட்டையோட நிக்கறார், வெளிய பனி கொட்டிட்டு இருக்கு. கோட்டு எங்கன்னு பையன் கேக்கறான். வித்துட்டேங்கறார். ஏன்னு கேட்டா, போட்டா புழுக்கமா இருக்குங்கறார்.

பச்சைப் பொய். மூக்கு கீக்கு எதுவும் நீளல. பினோக்கியோவுக்கு உடனே புரிஞ்சுடுது, தாவி கழுத்தக் கட்டிக்கிட்டு முத்தம் குடுக்கறான், அத்தியாயம் முடிஞ்சுது.

பொய்யே கூடாதுன்னு சொல்றதுக்காக நாம எடுக்கற கதைலயே பாசத்துக்காக அப்பா சொல்ற பொய் இவ்ளோ அழகா இருக்கே, இத புள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்றது? கண்டுக்காம தாண்டிடறதா, நிறுத்திப் பேசறதா?

சுண்டுவிரல்:

பொய்மையும் வாய்மை இடத்த. வள்ளுவர் அப்பவே தீர்ப்பு சொல்லிட்டார், இழைய பூட்டிடலாம் 😄

பழையபேனா:

@சுண்டுவிரல் குறள முழுசா சொல்லுங்க சார், புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்னு ஒரு கண்டிஷன் இருக்கு. நன்மை வரணும், அதுலயும் குத்தமில்லாத நன்மை வரணும். யாருக்கு நன்மைங்கறதுலதான் எல்லா அப்பாம்மாவும் வழுக்கி விழறது.

கெப்பெட்டோவ விடுங்க, ஹான்சல் கிரெட்டல் அப்பாவ எடுத்துக்கோங்க. பஞ்சம், வீட்ல ரொட்டி இல்ல, புள்ளைங்கள காட்ல விட்டுட்டு வந்துடலாம்னு பொண்டாட்டி சொல்றா, இவருக்கு மனசு கேக்கல ஆனா கடைசில தலையாட்டிடறார். காட்ல நெருப்பு மூட்டி உக்கார வெச்சுட்டு, நாங்க விறகு வெட்டப் போறோம், முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறோம்னு சொல்லிட்டுக் கிளம்பறாங்க. புள்ளைங்களுக்கு கோடாலிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. அப்பா பக்கத்துலதான் இருக்கார்னு தைரியமா உக்காந்திருக்குங்க. ஆனா அது கோடாலியே இல்ல. பட்டுப்போன மரத்துல ஒரு கிளையக் கட்டி விட்டிருக்கார், காத்துல அது டக் டக்னு அடிச்சுக்குது, அந்தச் சத்தம்தான்.

இத மொதல்ல படிச்சப்ப எனக்கு சூனியக்காரியும் அவ அடுப்பும் ஒண்ணுமே இல்லாம போச்சு, இந்தக் கிளைதான் பயங்கரம். ஏன்னா அதுலயும் பாசம் இருக்கு, புள்ளைங்க பயப்படக்கூடாதுன்னு ஒரு அக்கறை இருக்கு. அவர்கிட்ட கேட்டா நானும் நன்மைக்குத்தான் பண்ணேம்பார். கெப்பெட்டோ பொய்ல குளிர் அவருக்கு, புத்தகம் பையனுக்கு. இவர் பொய்ல வயிறு இவருக்கு, காடு புள்ளைங்களுக்கு. எனக்கு இந்த ஒரு அளவுகோல் போதும், பொய்யோட செலவ யார் கட்டறாங்கன்னு பாத்தா தெரிஞ்சுடும்.

ராத்திரிரயில்:

பழையபேனா சொல்றதோட ஒண்ணு சேத்துக்கறேன். அந்தப் பொண்டாட்டி யாருன்னு கேட்டா எல்லாரும் சித்தின்னுதான் சொல்வீங்க. கிரிம் சகோதரர்கள் 1812ல போட்ட முதல் பதிப்புல அவ சித்தி இல்ல, பெத்த அம்மா. 1840 பதிப்புலதான் சித்தியா மாத்தறாங்க. ஸ்னோ ஒயிட்டும் அப்படியே, 1812ல பொண்ண கொல்லச் சொல்றது சொந்தத் தாய், 1819ல சித்தி ஆயிடறா. பெத்தவ அப்படிப் பண்ணுவாளான்னு வாசகர்களுக்கு உறுத்தக்கூடாதுல்ல, அதான்.

அதாவது தாய்ப்பாசம்னா கறையே இல்லாததுன்னு காட்டறதுக்காக கதையவே திருத்தி இருக்காங்க. நேர்மையப் பத்தி பாடம் எடுக்கற புத்தகத்துல!

நிலாப்பிஞ்சு:

ராத்திரிரயில் சார், உங்களுக்கு இது சுவாரசியமான தகவல். எனக்கு வேற மாதிரி. நான் ஒரு பையனுக்கு ரெண்டாவதா வந்த அம்மா. அவன் சின்னதா இருக்கும்போது கதைப்புத்தகம் திறந்தாலே எனக்குத் திக்னு இருக்கும், எந்தப் பக்கத்துல சித்தி வந்து நிப்பாளோன்னு. சிண்ட்ரெல்லா படிச்சா அவன் என்ன ஓரக்கண்ணால பாப்பான், நான் புத்தகத்தையே பாத்துட்டு இருப்பேன். சிண்ட்ரெல்லாவோட அப்பா, அதான் கிரிம் கதைல, சாகவே இல்ல தெரியுமா, உயிரோட அதே வீட்லதான் இருக்கார், பொண்ணு அடுப்புச் சாம்பல்ல படுக்கறத பாத்துட்டு கம்முனு இருக்கார். அவர யாரும் கேக்கறதில்ல, கெட்ட பேரு எல்லாம் சித்திக்கு.

1812 பதிப்பு எனக்கு ஒரு விதத்துல ஆறுதல். பெத்தவளோ வந்தவளோ, பசிலயும் பொறாமைலயும் யார் வேணா தப்பு பண்ணலாம்னு சொல்லுது, அதுதான் நிஜம்.

எட்டாங்கட்டை:

கதை படிச்சா குழந்தை நிஜமாவே பொய் சொல்றத குறைக்குமான்னு ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க, இந்த இழைக்கு கரெக்டா பொருந்தும். டொரண்டோ பல்கலைக்கழகத்து காங் லீயும் கூட இருந்தவங்களும் 2014ல வெளியிட்டது. 3 வயசுலேர்ந்து 7 வயசு வரைக்கும் 268 குழந்தைங்க. பொம்மைய முதுகுக்குப் பின்னாடி வெச்சு சத்தத்த மட்டும் கேட்டு அது என்னன்னு சொல்லணும். நடுவுல பெரியவர், நான் புத்தகம் எடுத்துட்டு வரேன், திரும்பிப் பாக்கக் கூடாதுன்னுட்டு போயிடுவார். தனியா விட்டா எந்தக் குழந்தைதான் பாக்காது, நிறைய பேர் பாத்துடறாங்க. அவர் வந்து ஒரு கதை படிக்கறார், அப்புறம் நீ பாத்தியான்னு கேக்கறார்.

சிலருக்கு பினோக்கியோ, சிலருக்கு புலி வருது மாதிரியான ஓநாய் வருது கதை, சிலருக்கு ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரத்த வெட்டிட்டு அப்பாகிட்ட ஒத்துக்கற கதை, இன்னும் சிலருக்கு சம்பந்தமே இல்லாத முயல் ஆமை. பினோக்கியோவும் ஓநாயும் கேட்டவங்க, முயல் ஆமை கேட்டவங்கள விட நேர்மையா இல்ல. வாஷிங்டன் கதை மட்டும்தான் வேலை செஞ்சுது. ஏன்னா அதுல உண்மைய சொன்னதும் அப்பா கோவப்படாம, ஆயிரம் மரத்த விட இது பெருசுன்னு கட்டிப்பிடிச்சுக்கறார். அதே கதைய கெட்டது நடக்கற மாதிரி மாத்திப் படிச்சப்ப அதுவும் வேலை செய்யல.

பயமுறுத்தினா புள்ள மறைக்கத்தான் கத்துக்கும். சொல்லிட்டா அப்பா ஏத்துப்பார்னு தெரிஞ்சாதான் வாயத் திறக்கும்.

சுண்டுவிரல்:

அந்த செர்ரி மரக் கதையே டூப்பு சார். வீம்ஸ்னு ஒருத்தர் வாஷிங்டன் வரலாறு எழுதினார், 1806ல வந்த பதிப்புல சொந்தமா சேத்து விட்டது. நேர்மைய வளர்க்கற ஒரே கதை கட்டுக்கதை 😂😂

மரப்பாச்சி:

@எட்டாங்கட்டை அந்த ஆராய்ச்சில படிச்சது சின்ன வடிவமாத்தான் இருக்கும், முழு பினோக்கியோவுல நீங்க சொல்றது ரெண்டு பக்கமும் இருக்கு, அதச் சொல்லியே ஆகணும்.

மூக்கு நீள்ற கட்டம் எப்படி வருதுன்னா, பையன்கிட்ட நாலு தங்கக்காசு இருக்கு, அது எங்கன்னு தேவதை கேக்கறா. தொலைஞ்சுடுச்சுங்கறான், காசு பாக்கெட்ல இருக்கு. மூக்கு ரெண்டு விரக்கடை நீளுது. எங்க தொலைச்சன்னா காட்லங்கறான், இன்னும் நீளுது. தேடிப் பாக்கலாமேன்னா, இல்ல இல்ல மருந்தோட சேத்து முழுங்கிட்டேங்கறான். அவ்ளோதான், ரூம்ல திரும்பக்கூட முடியாத அளவுக்கு ஆயிடுது, இந்தப் பக்கம் திரும்பினா கட்டில்ல இடிக்குது, அந்தப் பக்கம் திரும்பினா கதவுல. தேவதை என்ன பண்றா? சிரிக்கறா. அரைமணி நேரம் நல்லா அழ விட்டுட்டு அப்புறம்தான் மரங்கொத்திங்கள கூப்பிட்டு கொத்தி சரி பண்ண வைக்கறா. அவமானம், அழுகை, மன்னிப்பு. இதுல பையன் கத்துக்கிட்டது எனக்கு ஒண்ணும் தெரியல, அடுத்த அத்தியாயத்துலயே நரியையும் பூனையையும் நம்பி காச கோட்டை விடறான்.

ஆனா ரொம்பப் பின்னாடி, யாரும் எடுத்துப் போடாத ஒரு சின்ன கட்டம் இருக்கு. வழில ஒரு தாத்தாகிட்ட பேசறான், பினோக்கியோன்னு ஒரு பையன் இருக்கானே எப்படின்னு அவர் கேக்க, தங்கமான புள்ள, சொன்ன பேச்ச கேப்பான்னு தன்னையே புகழ்ந்து தள்றான். மூக்கு நீளுது. பதறிப்போய், இல்ல தாத்தா நான் சொன்னதெல்லாம் பொய், அவன் சரியான சோம்பேறி, பேச்சே கேக்க மாட்டான்னு சொல்லிடறான். மூக்கு தானா பழையபடி ஆயிடுது. தேவதையும் இல்ல மரங்கொத்தியும் இல்ல. நான் புள்ளைங்களுக்கு மூக்குக் கதைன்னு ஒண்ணு மட்டும் சொல்லணும்னா இதத்தான் சொல்வேன்.

கறார்கந்தசாமி:

எல்லாரும் ரொம்ப பக்தியா பேசறீங்க. தேவதைக் கதைங்க நேர்மைய எப்ப சொல்லிக் குடுத்துச்சு? பூட்ஸ் போட்ட பூனைய பாருங்க, பெர்ரோ 1697ல எழுதினது. வயல்ல அறுத்துட்டு இருக்கறவன மிரட்டுது, இந்த நிலமெல்லாம் எங்க பிரபுவோடதுன்னு ராஜாகிட்ட சொல்லலன்னா கொத்துக்கறி போட்டுடுவேன்னு. பொய், மிரட்டல், ஆள்மாறாட்டம், கடைசில பரிசு இளவரசி. பெர்ரோவே கடைசில ஒரு பாட்டு மாதிரி நீதி எழுதறார், அப்பன் சொத்த விட உழைப்பும் சாமர்த்தியமும் மேல்னு. சாமர்த்தியமாம்!

ஜாக்கும் அவரைக்கொடியும் இன்னும் மோசம், ராட்சசன் வீடு புகுந்து திருடறான், அவனையும் கொல்றான். இது பொறுக்காமத்தான் 1807ல டபார்ட் பதிப்பிச்ச கதைல ஒரு தேவதைய கொண்டுவந்து, அந்த ராட்சசன்தான் உங்கப்பாவ கொன்னு சொத்த எடுத்துக்கிட்டவன்னு சொல்ல வெச்சாங்க. திருட்ட அப்பா பாசத்துல முக்கி எடுத்தா நியாயம் ஆயிடுச்சு. 1890ல அதே கதைய மறுபடி எழுதின ஜேக்கப்ஸ் அதத் தூக்கிட்டார், திருட்டு திருட்டாவே இருக்கட்டும்னு.

பாசம்னு ஒரு வார்த்தைய போட்டா எல்லாப் பொய்யும் வெள்ளையாயிடும், உங்க கெப்பெட்டோ உட்பட.

பழையபேனா:

கறார் சொல்றத பாதி ஏத்துக்கறேன். பாசமே இல்லாத அப்பா பொய்யும் கதைங்கள்ல தண்டனை இல்லாம தப்பிச்சுடுது. ரம்பல்ஸ்டில்ட்ஸ்கின்ல மாவுமில்காரன் ராஜா முன்னாடி பந்தா காட்டறதுக்காக, எம்பொண்ணு வைக்கோல தங்கமா நூத்துடுவான்னு அளந்து விடறான். ராஜா பொண்ண ரூம்ல பூட்டி, காலைக்குள்ள நூக்கலன்னா தலை இருக்காதுங்கறான். அதுக்கப்புறம் அப்பன் கதைலயே இல்ல! ராத்திரி பூரா அழுதவ அவ, நூத்துக் குடுக்க வந்த குள்ளனுக்கு கழுத்துச்சங்கிலியும் மோதிரமும் குடுத்தவ அவ, மொதப் புள்ளைய குடுக்கறேன்னு வாக்கு குடுத்து மாட்டினவ அவ. பொய் ஒருத்தர் சொன்னது, கடன் இன்னொருத்தர் தலைல.

எட்டாங்கட்டை:

மரப்பாச்சி, நீங்க இன்னும் கடைசி அத்தியாயத்துக்கு வரலன்னு நினைக்கறேன், வந்திருந்தா கேள்வியே வேற மாதிரி கேட்டிருப்பீங்க. கதைய கெடுக்கறதுக்கு மன்னிச்சுக்கோங்க.

சுறா வயித்துலேர்ந்து அப்பாவ காப்பாத்திக் கூட்டிட்டு வந்தப்புறம் (திமிங்கலம் இல்ல, கொல்லோடி எழுதினது சுறா) அவர் நோயாளி ஆயிடறார், அவருக்கு ஒரு டம்ளர் பால் வேணும்னு பையன் கிணத்து இறைவைய சுத்தி தண்ணி இறைக்கறான். கூடை பின்னறான். நாப்பது செப்புக்காசு சேத்து தனக்கொரு கோட்டு வாங்கக் கிளம்பறான். வழில தேவதை நோயா படுத்திருக்கா, சாப்பாட்டுக்கு வழியில்லன்னு தெரிஞ்சு அத்தனையும் குடுத்துடறான். வெறுங்கையோட வீட்டுக்கு வர்றான். புதுக் கோட்டு எங்கடான்னு அப்பா கேக்கறார். அளவு சரியா எதுவும் கிடைக்கலப்பா, இன்னொரு நாள் வாங்கிக்கறேங்கறான்.

அப்பா சொன்ன அதே பொய். மூக்கு நீளல. மறுநாள் எந்திரிச்சா மரப்பொம்மை இல்ல, மனுஷப் பையன்.

ராத்திரிரயில்:

அடேங்கப்பா. படக்கதைலயும் சினிமாவுலயும் இது வந்ததா எனக்கு ஞாபகமே இல்ல.

கறார்கந்தசாமி:

நான் சொன்னதத்தான் எட்டாங்கட்டையும் சொல்றார். அப்பன் எத செஞ்சானோ அதத்தான் புள்ள செய்யும். மூக்கும் மரங்கொத்தியும் எதுவும் சொல்லிக் குடுக்கல, கோட்டு சொல்லிக் குடுத்துச்சு.

நிலாப்பிஞ்சு:

நீங்க எல்லாரும் பொய்யும் பாசமும் ஒரே பக்கம் நிக்கற கதையா எடுக்கறீங்க. ரெண்டும் எதிரெதிரா நின்னா? பசுவும் புலியும் கதை, கன்னட நாட்டுப்பாட்டுல புண்யகோடின்னு வருமே அது. புலி பசுவ மறிக்குது. வீட்ல கன்னுக்குட்டி பசியா இருக்கு, பால் குடுத்துட்டு வந்துடறேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போறா. போய் பால் குடுக்கறா. இங்க இருந்துடலாம், புலியா வந்து கேஸ் போடப்போகுது? ஆனா திரும்பிப் போறா.

அம்மாவா எனக்கு இந்தக் கதை மேல ரொம்ப நாள் கோவம். வாக்காவது ஒண்ணாவது, குழந்தை முக்கியம் இல்லையா? அரிச்சந்திரன் மேல வர்ற அதே கோவம்தான், உன் சத்தியத்துக்கு ஏன்யா பொண்டாட்டி புள்ளைய விக்கற. ஆனா பையனுக்கு சத்தமா படிக்கும்போது ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. அவ கன்னுக்குட்டிகிட்டயும் மறைக்கல. இந்தா வந்துடறேன் செல்லம்னு சொல்லிட்டு நழுவல. புலிகிட்ட சாகப் போறேன்னு நேரா சொல்றா. அது அழுது, இனிமே யார்கிட்ட பால் குடிப்பேன், யார் பக்கத்துல படுப்பேன்னு கேக்குது. கேக்க விடறா. அக்கா தங்கச்சி பசுங்கள கூப்பிட்டு, இவன உங்க புள்ள மாதிரி பாத்துக்கோங்க, முன்னாடி வந்தா முட்டாதீங்க, பின்னாடி வந்தா உதைக்காதீங்கன்னு ஒப்படைச்சுட்டுப் போறா.

பழையபேனா சொன்ன மரக்கிளை அப்பாவ இவ பக்கத்துல நிறுத்திப் பாருங்க. ரெண்டு பேரும் புள்ளைய விட்டுட்டுத்தான் போறாங்க. இவ சொல்லிட்டுப் போறா, ஏற்பாடு பண்ணிட்டுப் போறா. கடைசில புலி மனசு மாறி அவள விட்டுடுதுங்கறது இருக்கட்டும், எனக்கு அந்தத் தொழுவம்தான் கதை.

மரப்பாச்சி:

நிலாப்பிஞ்சு மேடம், இது எனக்கு தோணவே இல்ல. அப்ப கெப்பெட்டோவும் வித்தத சொல்லிட்டாரே, கோட்ட வித்துட்டேன்னு உண்மைய சொல்றார், தியாகத்த மட்டும்தான் மறைக்கறார். உனக்காக எவ்ளோ கஷ்டப்பட்டேன் பாருன்னு சொல்லல. நான் அந்தப் பக்கத்துல நிறுத்தி இதத்தான் பேசப்போறேன்.

பழையபேனா:

நேர்மை இருந்தா போதும்னு முடிவு பண்ணிடாதீங்க, அதுக்கும் ஒரு கதை இருக்கு. கிரிம்ல கையில்லாத பொண்ணு. அப்பன் தெரியாத்தனமா சாத்தான்கிட்ட பொண்ண வித்துடறான். அவ கைய வெட்டலன்னா உன்னையே தூக்கிட்டுப் போயிடுவேன்னு சாத்தான் மிரட்டறான். இந்த அப்பன் பொய்யே சொல்லல. பொண்ணுகிட்ட வந்து, இப்படி மிரட்டறான், பயத்துல ஒத்துக்கிட்டேன், என்ன மன்னிச்சுடுன்னு உள்ளது உள்ளபடி சொல்றான். வெட்டியும் வெட்டிடறான். அப்புறம் உன்னால நிறைய சொத்து வந்திருக்கு, ஆயுசுக்கும் ராணி மாதிரி வெச்சுக்கறேங்கறான்.

நிலாப்பிஞ்சு:

அவ என்ன சொன்னா?

பழையபேனா:

இங்க என்னால இருக்க முடியாதுன்னுட்டு, வெட்டுப்பட்ட கைய முதுகுல கட்டச் சொல்லிட்டு விடிஞ்சதும் கிளம்பிடறா.

கறார்கந்தசாமி:

சரியாத்தான் பண்ணா. இத மட்டும் ராத்திரில படிக்காதீங்க மரப்பாச்சி, பத்து வயசுக்கு மேல பாத்துக்கலாம்.